பல் ஃபில்லிங்குக்குள் இருக்கும் கல் பொடி

என் முன்பல் ஒன்றில் பழைய ஃபில்லிங் இருக்கிறது. நாக்கு அடிக்கடி அங்கேதான் போய் உரசும். வைத்த அன்று வழவழவென்று இருந்தது, இப்போது சொரசொரப்பு, ஓரத்தில் காப்பிக் கறை வேறு. ஏன் இப்படி ஆகிறது என்று தேடப் போய், ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. நான் பல் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர்காரன். படித்ததைச் சொல்கிறேன்.

பல் நிறத்தில் ஃபில்லிங் வேண்டுமென்றால் முதலில் சிலிகேட் சிமென்ட்தான். அது எச்சிலில் மெல்ல மெல்லக் கரையும். 1940-களில் அக்ரிலிக் பிளாஸ்டிக் வந்தது. கரையாது, ஆனால் இறுகும்போது சுருங்கும். சூடான டீ குடித்தால் பல்லைவிடப் பல மடங்கு விரியும். ஓரத்தில் இடைவெளி விழும், உள்ளே மறுபடி சொத்தை.

இதற்கு வழி கண்டவர் ரஃபேல் போவென். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய அலுவலகத்தில் வேலை பார்த்த பல் மருத்துவர். முதலில் எபாக்ஸியை முயன்றார். இறுக நேரம் பிடித்தது. பிறகு எபாக்ஸியின் உடலும் அக்ரிலிக்கின் வேகமும் சேர்ந்த பிஸ்-ஜிஎம்ஏ என்ற மூலக்கூறை உருவாக்கினார். 1962-ல் காப்புரிமை கிடைத்தது. அதில் ஏராளமாகச் சிலிக்காப் பொடியைக் கலந்தார். கல் சுருங்காது, அதிகம் விரியாது. ஆனால் கல்லும் பிளாஸ்டிக்கும் தானாக ஒட்டாதே? பொடிக்குச் சிலேன் பூசினார். அதன் ஒரு முனை கல்லைப் பிடிக்கும், மறுமுனை ரெசினைப் பிடிக்கும்.

பலம் வந்தாச்சு. பளபளப்பு வரலை. அன்றைய குவார்ட்ஸ் துகள்கள் பல மைக்ரான் பெரியவை. மெருகேற்றினால் மெத்தென்ற ரெசின்தான் முதலில் தேயும், கல் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு அதுவும் பெயர்ந்து குழி விழும். ஜல்லி தெரியும் பழைய சிமென்ட் தரையைப் பார்த்திருப்பீர்கள், அதேதான்.

1970-களின் பிற்பகுதியில் சுமார் 0.04 மைக்ரான் அளவுள்ள சிலிக்காவைப் போட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 0.4 முதல் 0.7 மைக்ரான். அதைவிடச் சிறிய துகள் பெயர்ந்தாலும் பளபளப்பு பெரிதாகக் குறையாது. ஆனால் பொடி நுண்ணியதானால் மேற்பரப்பு கூடும், கலவை கெட்டியாகிவிடும், அதிகம் சேர்க்க முடியாது. எனவே பலம் குறைந்தது. முன்பல்லுக்குச் சரி, கடைவாய்ப் பல்லுக்கு ஆகாது.

அடுத்து இரண்டு அளவும் கலந்த ஹைபிரிட் வந்தது. 2000-களின் தொடக்கத்தில் நானோ துகள்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்த வகை வந்தது. கொத்து பலம் தரும்; தேயும்போது முழுக் கல்லாகப் பெயராமல் சிறு சிறு துகளாக உதிரும். நாற்பது வருட இழுபறியில் இதுதான் நல்ல சமரசம் என்று எனக்குப் படுகிறது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. 1997-ல் பெல்ஜியத்தின் லூவென் ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: மேற்பரப்பின் சராசரி சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினால் கிருமிப் படலம் கூடுதலாகச் சேரும். அதற்குக் கீழே இன்னும் வழவழப்பாக்கினாலும் பெரிய லாபமில்லை.

எனக்கு ஃபில்லிங் வைத்த அன்று, மெருகேற்றிக்கொண்டிருந்தபோது "போதும் டாக்டர், ஆபீஸ் போகணும்" என்று எழுந்து வந்தவன் நான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் கடைசி ஐந்து நிமிடமும் சிகிச்சைதான்.