மங்கிய பொன்மை: சிக்கன விளக்கத்துக்கு ஒரு மறுப்பு

ஆஃப்செட்டில் அச்சான திருமண அழைப்பிதழ்களில் பொன்மை மங்கித் தெரிவதற்குச் சிக்கனத்தையே காரணம் காட்டும் ஆய்வுப் போக்கு ஒன்று உண்டு. கல்லச்சில் ஒட்டும் வார்னிஷை அச்சிட்டு அதன்மேல் பித்தளைத் தூளைத் தூவினார்கள். பிற்காலத்தில் ஆயத்த மையைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். ஆகவே மங்கல் ரசனைச் சரிவின் அடையாளம் என்பது அதன் முடிவு. முறை மாறியதை மறுப்பதற்கில்லை. முடிவுதான் பொருந்தவில்லை.

அப்போக்கு பெரிதும் நம்பும் சான்று, மேற்பூச்சில்லாத தடித்த தாளில் அச்சிட்ட அழைப்பிதழ். தலைப்பில் உள்ள பிள்ளையாரும் மணமக்கள் பெயர்களும் பொன்னாக மின்னாமல் கடுகுப் பழுப்பாகத் தெரிகின்றன. மையைக் குறைத்து ஓட்டியதன் விளைவு என்று இதைப் படிக்கிறார்கள். அதே எழுத்தை விரலால் தேய்த்தால் உலோகத் தூள் விரலில் ஒட்டுகிறது. உலோகம் தாளில் இருக்கிறது. அதைப் பிடித்து வைக்க வேண்டிய வார்னிஷைத்தான் தாள் உறிஞ்சிவிட்டது. லென்ஸில் பார்த்தால் மைப்படலம் தாள் இழைகளின் மேடுபள்ளத்தோடு ஏறி இறங்குவது தெரியும். அதே மை மேற்பூச்சுள்ள ஆர்ட் கார்டில் பளிச்சிடுகிறது. இழை தெரியும் தாளை விலை பாராமல் தேர்ந்தவர் மையில் மட்டும் மிச்சம் பிடித்தார் என்பது நம்பும்படியாக இல்லை.

பொன்மையின் நிறமி செம்பும் துத்தநாகமும் கலந்த நுண்தகடுகள். செம்பு 90, துத்தநாகம் 10 என்ற விகிதத்தில் செம்மையும், 70:30இல் பச்சைச் சாயலும் தட்டும். இத்தகடுகள் மீன் செதிள்போலப் படிந்து கிடந்தால்தான் ஒளி ஒரே திசையில் திரும்பும். ஆஃப்செட்டில் மை, தகட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்குப் போகும்போது ஒருமுறையும், பிளாங்கெட்டிலிருந்து தாளுக்கு வரும்போது மறுமுறையும் பிளவுபடுகிறது. இறுதியில் தாளில் நிற்பது சுமார் 1 முதல் 2 மைக்ரான் படலமே. இதில் பெரிய தகடுகளுக்கு இடமில்லை. சிறியவற்றிலோ பரப்பைவிட ஓரம் மிகுதி. ஓரங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. தூவிய தூள் உருளைகளையோ ஈரத்தையோ கடந்து வரவில்லை. பெரிய தகடுகளை அது தாங்கியது அதனால்தான். எனவே கல்லச்சின் மினுக்கத்தை அச்சகத்தாரின் தாராளத்துக்குச் சான்றாக்க இயலாது.

ஆஃப்செட் தகட்டை ஈரமாக்கும் ஃபவுண்டன் நீரின் அமிலம் செம்பைக் கறுக்கச் செய்யும் என்பார்கள். செய்யும், ஆனால் அது சிக்கன வாதத்துக்கு எவ்வகையிலும் துணையாகாது. அதே தாளில் சூட்டோடு அழுத்திப் பதித்த ஃபாயில் எழுத்து மின்னுகிறதே என்ற கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். ஃபாயிலில் இருப்பது மஞ்சள் அரக்குப் பூச்சின் கீழ் விரிந்த, இடையறாத அலுமினியப் படலம். சாய்ந்து விழ அதில் தனித்தனித் தகடுகள் இல்லை. சூடும் அழுத்தமும் தாளையும் சமன்படுத்துகின்றன. இது நம் விளக்கத்தையே உறுதிசெய்கிறது.

எந்த அச்சகத்தாரும் மையில் கைவைத்ததில்லை என்று இங்கே சொல்லவில்லை. மங்கலை மட்டும் வைத்து அதை நிறுவ முடியாது என்பதே வாதம். அழைப்பிதழ்த் தொகுப்புகளின் பட்டியல்கள் ‘தங்க நிற அச்சு’ என்ற குறிப்போடு நிற்காமல், தூவலா, மையா, ஃபாயிலா என்பதையும் தாளின் மேற்பூச்சையும் பதிய வேண்டும். இவ்விரண்டும் இல்லாத பதிவிலிருந்து ரசனையின் வரலாற்றை எழுதுவதற்கில்லை.