வேண்டும் மழையும் வேண்டாத வெள்ளமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைப் பட்டணத்து ஜனங்களுக்குத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கண். பூண்டியில் எத்தனை அடி, புழலில் எத்தனை அடி என்று பத்திரிகையைப் பிரித்ததும் பார்ப்பார்கள். ஏரி நிரம்பினால் ஆனந்தம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அதே மழையின் மேல் கோபம்! இரண்டையும் கொண்டு வந்தது ஒரே மேகந்தான் என்பது மறந்து போகிறது.

நம் கடற்கரைக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால்தான் அது நன்றாகப் பெய்யும். அந்தத் தாழ்வே மேலும் வலுத்தால் புயல் என்கிறோம். சோறிடும் கையே சில வருஷங்களில் அடிக்கவும் செய்கிறது.

பழைய செங்கற்பட்டு ஜில்லாக் குடியானவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற வெள்ளைக்காரர் அங்கே சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலில் ஏரிப் பராமரிப்புக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அந்தக் கணக்கில் காணலாம். ஏரிக்குக் கரை கட்டியவர்கள் கூடவே கலிங்கலும் கட்டினார்கள். மிஞ்சும் தண்ணீர் எந்த வழியே போக வேண்டும் என்பதை மழைக்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள். ஓர் ஏரியின் மிச்சம் அடுத்த ஏரிக்கு வரவு.

பிறகு பட்டணம் தாகத்தோடு வந்தது. பிரேசர் என்ற என்ஜினீயர் 1866-இல் வகுத்த திட்டப்படி, 1872-இல் புழல் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போயிற்று. அதுவும் போதவில்லை. மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி அணை எழுந்தது. அது 1944-இல் முடிந்தது. அவரோ 1943-லேயே காலமாகிவிட்டார்.

அந்த நீர்த்தேக்கத்துக்காகத் திருவெண்பாக்கத்துச் சிவன் கோயிலே இடம் பெயர்ந்து கரையேறியது. சுந்தரர் கண்ணைக் கேட்டபோது சுவாமி ஊன்றுகோலைக் கொடுத்த தலம் அது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் அந்தக் கோலை ஊன்றிக்கொண்டே அவர் வழி நடந்தார்.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதும் நாம் பார்த்ததுதான். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்துவிட்டது 1969-லேயே தெரிந்தது. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நாட்களில், வெள்ளம் வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லாதவர் யார்? வெள்ளமும் வந்தது. 2021 நவம்பரில் பூண்டியில் திறந்த உபரி நீர் மணலி புதுநகர் வீடுகளில் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் தயங்கி நின்று கொட்டித் தீர்த்தது.

மழையை நேசிப்பவன் அதன் தொல்லையையும் பொறுக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் யார் பொறுப்பது? ஏரி நிரம்பிய சந்தோஷம் பட்டணத்துக்கு. அதன் உபரி ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் பட்டணத்துத் தாகத்துக்காக வந்ததுதான். அக்கம்பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் தண்ணீர் வேண்டும். தொழிற்சாலைத் தரை மட்டும் நனையக் கூடாது!

வெள்ளத்தை ஏற்றுக்கொள்வது என்றால் வீட்டுக்குள் நீந்துவதல்ல. அதற்கு உரிய வழியை மறிக்காமல் விடுவது. வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே சொல்வதும், அவர்கள் படும் நஷ்டத்தைப் பட்டணத்தின் கணக்கிலும் எழுதுவதும் அதில் சேர்ந்தவையே. விளைச்சலில் ஏரிக்குப் பங்கு ஒதுக்கிய குடியானவன் படித்தவனல்ல. மழைக்கு விலை உண்டு என்பதையும், அதை ஊரே சேர்ந்து கொடுக்க வேண்டும் என்பதையும் அவன் அறிந்திருந்தான்.