கைத்திறனும் கல்லூரிப் படிப்பும்

ஊர்ப்பெயர்கள் வரலாற்றைச் சுமந்து நிற்பவை. கோலாலம்பூரை அடுத்துள்ள அம்பாங் என்னும் பெயர், நீரைத் தடுத்து நிறுத்தும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். 1857-ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட இராஜா அப்துல்லாவின் முயற்சியால் 87 சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் படகைவிட்டு இறங்கி, காட்டு வழியே நடந்து அம்பாங்கை அடைந்து ஈயம் தோண்டினர். அவர்களுள் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். ஈயச் சுரங்கங்களுக்கு நீரைத் திருப்புவதற்காகக் கட்டப்பெற்ற அணையே பின்னர் ஊருக்குப் பெயராயிற்று. அதனைக் கட்டியோர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். கண்ணும் கையும் பட்டறிவுமே அவர்தம் ஆசான்கள்.

கல்லாத கைகளால் பெருஞ்செயல்கள் நிகழ்ந்த காலம் அது. 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இந்நாட்டின் இருப்புப்பாதைகளுக்கு மண் வெட்டியவர்களிலும் தண்டவாளம் சுமந்தவர்களிலும் தமிழர் மிகப் பலர். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. செந்தூலில் பெரும் பட்டறை எழுந்தது. ஆயினும், பாதை எவ்வழிச் செல்ல வேண்டும், பாலம் எத்துணைப் பாரம் தாங்கும் என்று கணக்கிட்டு வரைந்தவர்கள் வேறு; அவ்வரைபடத்தின்படி உழைத்தவர்கள் வேறு. இவ்விரு சாராருக்கும் இடையே இருந்த தொலைவைக் குறைக்க வந்ததே தொழில்நுட்பக் கல்வி. அது உண்மையிலேயே அத்தொலைவைக் குறைத்ததா?

எந்தத் தொழில்நுட்பப் படிப்பையும் மூன்று வினாக்களால் அளந்தறியலாம். அதனுள் நுழையத் தக்கவர் யார்? அங்கே கற்பிக்கப்படுவது யாது? கற்று வெளியேறுவோர்க்குக் கிடைக்கும் தகுதி யாது? இம்மூன்றில் ஒன்று பழுதுபட்டாலும் படிப்பு முழுப்பயன் தராது.

1904-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் சிறு வகுப்பாகத் தொடங்கிய தொழில்நுட்பக் கல்வி, 1906-இல் திரெச்சர் தொழில்நுட்பப் பள்ளியாக உருப்பெற்றது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் தலைமை ரெசிடெண்டாக விளங்கிய சர் வில்லியம் ஹூட் திரெச்சரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பொதுப்பணி, இரயில்வே, நில அளவை ஆகிய துறைகளுக்குத் தேவையான தொழில்நுட்ப உதவியாளரை உருவாக்குவதே அதன் நோக்கம். உதவியாளர் என்ற சொல்லை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். பொறியாளர் பிரிட்டனிலிருந்து வருவர். அவருக்குத் துணைநிற்போர் இங்கே பயிற்றுவிக்கப்படுவர் என்பதே அன்றைய ஏற்பாடு. படிப்பின் எல்லை பாடநூலால் வகுக்கப்படவில்லை, பதவியால் வகுக்கப்பட்டது. பயிற்றுமொழியோ ஆங்கிலம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகளே பயின்ற பிள்ளைக்கு அந்த வாயிலும் அடைபட்டே கிடந்தது.

உலகப் போருக்குப் பின் 1946-இல் அது தொழில்நுட்பக் கல்லூரியாக உயர்ந்தது. 1955-இல் அம்பாங்கிற்கும் கம்போங் பாருவுக்கும் அண்மையிலுள்ள கர்னி சாலையில் புதிய வளாகம் திறக்கப்பட்டது. 1960-இல் பட்டத்திற்கு நிகரான தொழிற்றகுதி வகுப்புகள் அங்கே தொடங்கின. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும், 1975-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவும் அது வளர்ந்தது. உதவியாளர் வகுப்பு பட்டப்படிப்பு நிலையை எட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதை இவ்வாண்டுகள் காட்டும்.

இனி, கற்பிக்கப்படுவது யாது என்னும் வினாவைக் காண்போம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இப்பழமொழியின் பொருளைக் கல்லூரி அளவில் வலியுறுத்தியவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. 1945-இல் அங்கே ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியற் கல்லூரியும் தோன்ற முன்னின்ற அவர், நான்காண்டுப் படிப்பு காலவிரயம் என்றும் ஈராண்டே போதும் என்றும் வாதிட்டார். அரசு அதனை ஏற்கவில்லை. அவர் முதல்வர் பொறுப்பைத் துறந்தார். ஈராண்டு போதுமா என்பது வாதத்திற்குரியது. எனினும், பட்டறையில் செலவிடும் நேரத்தைப் படிப்பின் அங்கமாகக் கருத வேண்டும் என்ற எண்ணம் தோற்றுவிடவில்லை. 1991-இல் நிறுவப்பட்ட ஜெர்மன் மலேசியக் கழகம், அம்பாங்கை ஒட்டிய ஷாமிலின் பெர்க்காசாவில் இயங்கி, உற்பத்தித் தொழில்நுட்பத்தையும் தொழில்துறை மின்னணுவியலையும் செய்முறைக்கு முதன்மை தந்து கற்பித்தது. பின்னர் அது பாங்கி வட்டாரத்திற்கு இடம்பெயர்ந்தது.

நுழைவு என்னும் வினாவிற்கு உழைப்பாளரே விடை கண்ட வரலாறும் உண்டு. 1971-இல் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம், அதன் பொதுச் செயலாளர் டாக்டர் வி. டேவிட் தலைமையில், தொழிலாளர் தொழில்நுட்பக் கழகத்தைக் கிள்ளானில் தோற்றுவித்தது. ஊதிய உயர்வு கேட்டுப் போராடும் சங்கம் தன் உறுப்பினர் பிள்ளைகள் பயிலக் கல்விக்கூடம் காண்பது எளிய செயலன்று. பேருந்தையும் பார வண்டியையும் ஓட்டியவர்கள், தம் பிள்ளைகள் அவ்வூர்திகளின் பொறிகளை உணர்ந்தவராதல் வேண்டும் என்று எண்ணினர். மண் சுமந்த தலைமுறைக்குக் கிட்டாத வரைபடத்தை அடுத்த தலைமுறையின் கையில் தர முயன்ற முயற்சி இஃது எனலாம்.

மூன்றாம் வினாவாகிய தகுதிக்கு உலகம் காலந்தாழ்த்தே விடையளித்தது. பொறியாளர் படிப்பைப் பல நாடுகள் ஒப்பும் வாஷிங்டன் உடன்பாடு 1989-இல் எழுந்தது. பொறியியல் தொழில்நுட்பவியலார்க்குரிய சிட்னி உடன்பாடு 2001-இலும், தொழில்நுட்பருக்குரிய டப்ளின் உடன்பாடு 2002-இலுமே வந்தன. மலேசியா முதலாவதில் 2009-இலும், ஏனைய இரண்டில் 2018-இலும் முழு உறுப்பினராயிற்று. தொழில்நுட்பவியலாரைப் பதிவு செய்ய 2015-இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. 1906-இல் உதவியாளர் என்று ஒதுக்கப்பட்ட பணி, ஒரு நூற்றாண்டு கடந்து தன் பெயரோடும் தகுதியோடும் நிற்கத் தொடங்கிற்று.

ஆனால், உச்சியில் கதவு திறந்திருப்பினும் அடிவாயிலில் தயங்கும் மாணவனுக்குப் பயன் என்ன? கணக்கில் பின்தங்கியவன் வரைபடத்தின்முன் திகைப்பான். விசை, உராய்வு, மின்னோட்டம் என்னும் சொற்களைப் பொருளுணராது மனப்பாடம் செய்தவன், பின்னர் அவற்றை வேறு மொழியில் கேட்கும்போது இருமுறை இடறுவான். தமிழிலேயே அவற்றைத் தெளிவுறக் கற்றவனுக்கோ மொழி மாறினும் கருத்து மாறாது. ஆதலின், தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் வகுப்பு தமிழ்ப்பள்ளியிலேயே தொடங்குகிறது என்று கூறுதல் மிகையன்று. பழைய மிதிவண்டிச் சக்கரமொன்றும் மின்கலமொன்றும் வைத்து ஆசிரியர் நடத்தும் பாடம் அதற்கு அடிக்கல்லாகும்.

1996-இல் அம்பாங்கிற்கு இலகு இரயில் வந்தது. சுரங்கக் காலத்துப் பழைய இருப்புப்பாதைத் தடத்தின் ஒரு பகுதியிலேயே அது ஓடுகிறது. முன்னைத் தடத்தில் தண்டவாளம் சுமந்தோரின் வழித்தோன்றல்கள், இன்றைய தடத்தின் மின்னோட்டத்தையும் சைகையையும் ஆள்வோராக உயர்தல் வேண்டும். அதற்கான வாயிலைத் திறக்கும் சாவி, தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கையிலும் இருக்கின்றது.