தசையின் கணக்கு

கையிருப்பில் உள்ள ஆற்றல் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று நம் தசை ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. அந்தக் கணக்கின் நாணயத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னையில் மருத்துவம் கற்றவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற நாளில் காந்தியடிகளின் சொல்லை ஏற்றுக் கதர் அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. 1922-இல் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்தார். இருவரும் 1925-இல், நிறத்தின் ஆழத்தைக் கொண்டு பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். நல்ல அளவுகோல் கையில் இருந்தால் பாதி ஆராய்ச்சி முடிந்தது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டனர். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே கண்டார். தசையை இயக்குவது லாக்டிக் அமிலமே என்ற அந்நாளையக் கொள்கை ஆட்டங்கண்டது. சுப்பாராவ் 1948-இல் நியூயார்க்கில் மறைந்தார்.

இதற்கும் நீரிழிவுக்கும் என்ன தொடர்பு?

1921-இல் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. நோயாளிகள் சிலரிடம் அம்மருந்து சரிவர வேலை செய்யவில்லை என்பதை லண்டனில் ஹிம்ஸ்வர்த் 1936-இல் எடுத்துக்காட்டினார். உண்டபின் இன்சுலினின் ஏவலால் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. உடல் பருத்தால் கொழுப்பு தசைக்குள்ளும் சேர்கிறது. அதன் வழிவரும் பொருள்கள் இன்சுலினின் ஏவலை இடைமறிக்கின்றன. கணையம் மேன்மேலும் சுரந்தும் கதவு அரைகுறையாகவே திறக்கிறது.

ஆனால் தசைக்கு இன்னொரு கதவும் உண்டு. உழைக்கும்போது ஏ.டி.பி. செலவாகி ஏ.எம்.பி. மிகுகிறது. இதை உணரும் நொதிக்கு ஏ.எம்.பி. கைனேஸ் என்று பெயர். 1980-களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஹார்டி என்பவரின் குழு இதை விரிவாக ஆராய்ந்தது. இந்நொதியும், தசை சுருங்கும்போது எழும் வேறு குறிப்புகளும் இன்சுலினின் தயவின்றியே சர்க்கரையை உள்ளே வரவிடுகின்றன. பருத்தவரிடம் இந்நொதியே மந்தமாகிறதா என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை. நடந்தால் இக்கதவு திறக்கும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

எங்கள் தியாகராய நகரில் பனகல் பூங்காவில் விடியலில் நடப்போரைப் பார்க்கிறேன். சிலர் பேசுவதற்காகவே வருகிறார்கள். அவர்களுடைய தசையும் கணக்கில் தவறுவதில்லை.

சென்னையிலிருந்து டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்தனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை உண்டோரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே இந்த நன்மை கிட்டியது.