பாலவநத்தத்தார் போட்ட பணம்

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் வழியில் பாலவநத்தம் என்று ஓர் ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் இருபுறமும் கரிசலையும் சீமைக் கருவேலையும் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். அந்த ஊர் ஜமீன்தாராக இருந்த பாண்டித்துரைத் தேவருக்குத்தான் அந்தக் கும்பிடு.

சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், பல வருஷம் பாடுபட்டு 'அபிதான சிந்தாமணி' என்ற பெரிய கலைக்களஞ்சியத்தை எழுதி வைத்துக்கொண்டு, அச்சிட வழியில்லாமல் தவித்தார். தேவர் கைகொடுத்தார். 1901-ல் அவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1910-ல் அது வெளிவந்தது. மறு வருஷமே தேவர் காலமாகிவிட்டார்.

பதிப்பாளர் என்றால் அன்று முதற்காரியம் காகிதத்துக்குப் பணம் போடுவது. இன்று அந்தக் காகிதமே வேண்டாம் என்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய நூல்களைத் தொண்டர்களைக் கொண்டு தட்டெழுதி இலவசமாகவே கொடுக்கிறது. 2016 முதல் அமேசான் கிண்டிலில் தமிழ் எழுத்தாளன் தானே தன் புத்தகத்தை ஏற்றலாம். பதிப்பாளர் நூற்றுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால், அங்கே 35, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 70. ஆசை யாரை விட்டது? நானும் ஒரு குறுநாவலை ஒரே சாயங்காலத்தில் ஏற்றிவிட்டேன்.

திருச்சுழியிலிருந்து ஒரு வாசகர் எழுதினார்: "ஐயா, ஆறாம் அத்தியாயத்தில் செத்துப்போன சித்தப்பா பத்தாம் அத்தியாயத்தில் காப்பி குடிக்கிறாரே?"

அன்றிரவே திருத்தினேன். அச்சுப் புத்தகத்தில் இவ்வளவு சுலபமாகத் திருத்த முடியுமா? முடியாது. ஆனால் அச்சாகும் முன்பு அதைப் படிக்க ஒருவர் இருந்தார்.

இன்னொரு பயமும் உண்டு. திருக்குறளைத் 'திருத்தி' ஒரு வெள்ளைக்காரர் அச்சிட்ட பிரதிகளையெல்லாம் தேவர் விலைக்கு வாங்கி அழித்தாரென்று சொல்வார்கள். பிரதிக்குப் பிரதி அவருக்குப் பணம் செலவு. 2009-ல், உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டது; என்றாலும் வீட்டு அலமாரிக்குள் கைவிட்டது கைவிட்டதுதானே!

போன மாசம் அந்தக் குறுநாவலைத் தூக்கிக்கொண்டு என் பழைய பதிப்பாளரிடம் போனேன். அவர் இப்போதெல்லாம் 1,200 பிரதி அடிப்பதில்லை. கேட்பு வர வர ஐம்பது, நூறு. மின்னூலும் அவரே போடுகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்திலேயே பென்சில் நின்றுவிட்டது.