இருமல் மருந்தோடு திரும்பியவர்கள்

எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. எதிர்ப்பாற்றல் சரிந்த உடலில் அதுவே பரவி நோயாகிவிடலாம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளால் உடல் தேறி நிலைத்த குழந்தைக்குப் போடலாம் என்று 2018இல் தளர்த்தினார்கள். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. காசநோய் யாரை எளிதில் பிடிக்குமோ அவருக்கே தடுப்பூசி போட யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் அவர்களை எது காக்கும்? எச்.ஐ.வி. என்ற பெயரே இல்லாத காலத்தில், வேறொரு கேள்விக்கு விடை தேடிய பெங்களூர் ஆய்வாளர்கள் இதற்கும் பாதி விடை கண்டார்கள் என்பது என் கருத்து.

பெங்களூர் பெல்லாரி சாலையில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிலையத்தை 1960 செப்டம்பரில் நேரு திறந்துவைத்தார். ஊர் ஊராகக் கூடாரமடித்து பி.சி.ஜி. போட்ட காலம் அது. அந்த நிலையத்தின் சமூகவியலாளர் தேபப்ரதா பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் காசநோயாளிகள் தாங்களாகவே மருத்துவம் தேடுகிறார்களா என்று தும்கூர் மாவட்டத்தில் ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்திருக்கும்: நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தாங்களாகவே மருத்துவமனைப் படியேறியிருந்தார்கள். அங்கே சளியைப் பார்க்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கிராமத்தானுக்கு நோயைப் பற்றி அக்கறை இல்லை என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போனது. அக்கறை இல்லாதவர் யார் என்பது வேறு கதை. வந்தவரின் சளியைச் சோதித்து, சாதாரண மருத்துவமனையிலேயே மருந்து கொடுக்கும் மாவட்டக் காசநோய்த் திட்டம் இந்தச் சிந்தனையில் உருவானதுதான். கிருமியைப் பரப்புகிறவர் குணமானால், பக்கத்தில் இருக்கும் நலிந்த உடலுக்கும் அது காவல்.

தடுப்பூசியையே நம்பியிருக்கலாமே என்பவர்களுக்குச் செங்கல்பட்டு பதில் சொல்லும். அங்கே 1968இல் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. சோதனையின் முதல் முடிவுகள் வந்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. திடமான உடலிலேயே இந்த நிலை. 1955இல் பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து எழுதிய ராஜாஜிதான் சரி என்று இதைக் கொண்டு வாதிடலாம்; நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அந்த ஊசி நன்றாகத் தடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு அதைப் போடுவது வீணல்ல. பெங்களூர் வழியிலும் ஓட்டை இருந்தது. மருத்துவமனைக்கே வராத மறுபாதியை அது தொடவில்லை. வந்தவர்களிலும் பலர் மருந்தைப் பாதியில் விட்டார்கள். அதனால்தான் 1990களில் திட்டத்தைத் திருத்தி, மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கவைக்கும் முறைக்கு மாறினார்கள். ஆனாலும் வந்தவரிடமே நோயைத் தேடும் அந்தப் பெங்களூர் வழி தொடர்கிறது: இன்று எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கு வருகிறவரிடம் ஒவ்வொரு முறையும் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை என நான்கைக் கேட்கிறார்கள். எதுவும் இல்லையென்றால் காசநோய் வராமலிருக்கத் தடுப்பு மாத்திரை தருகிறார்கள்.