இரு மறைகள், இரு அளவுகோல்கள்: ஆக்ரா விவாதம் முதல் தமிழ் விவிலியம் வரை

அக்பரின் அவைக்கு 1580இல் இயேசு சபைத் துறவியர் வந்த காலம் முதலே, விவிலியத்தையும் திருக்குர்ஆனையும் எதிரெதிரே வைத்து வாதிடும் வழக்கம் இந்தியாவில் இருந்துவந்துள்ளது. எனினும் ஒரு மறையின் வாசகங்கள் தமக்குள் முரண்படாமலும் காலந்தோறும் திரியாமலும் நிற்கின்றனவா என்னும் வினா, ஐரோப்பிய மூலபாட ஆய்வின் துணையோடு பொதுமன்றத்துக்கு வந்தது 1854இல் ஆக்ராவில்தான். அவ்விவாதத்தின் தொடர்ச்சியைத் தமிழகம் வரை பின்பற்றிச் செல்லும் இக்கட்டுரை, இரு சமயங்களும் தத்தம் மறையின் ஒத்திசைவை வெவ்வேறு வழிகளில் பேணின என்பதையும், ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளந்து தீர்ப்புக் கூறுவது முறையாகாது என்பதையும் நிறுவ முற்படுகிறது.

பன்மையை ஏற்றலும் ஒருமையை நிறுவலும்

இயேசுவின் வாழ்வை எடுத்துரைக்கும் நான்கு நற்செய்தி நூல்களுக்கிடையே நிகழ்ச்சிகளின் வரிசையிலும் விவரங்களிலும் வேறுபாடுகள் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாத்தியன் என்பார் அந்நான்கையும் இணைத்துத் ‘தியாத்தெஸ்ஸரோன்’ என்னும் ஒரே நூலாக்கினார். சிரிய மொழித் திருச்சபைகளில் அந்நூல் நெடுங்காலம் வழங்கியபோதிலும், இறுதியில் திருச்சபை நான்கு நூல்களையும் தனித்தனிச் சாட்சியங்களாகவே நிலைநிறுத்தியது. இஸ்லாமிய மரபோ இதற்கு எதிர்த்திசையில் சென்றது. ஏறத்தாழ கி.பி. 650இல் கலீஃபா உஸ்மான் ஒரே மூலப்படியை உருவாக்கிப் பல நகரங்களுக்கு அனுப்பி, ஏனைய படிகளை எரிக்கச் செய்தார் என்பது இஸ்லாமிய மரபுவழிச் செய்தியாகும். அந்த எழுத்து வடிவத்தின் எல்லைக்குள் அமைந்த ஓதல் வேறுபாடுகள் ‘கிராஅத்’ எனப்படுகின்றன. அவற்றுள் ஏழினை 10ஆம் நூற்றாண்டில் இப்னு முஜாஹித் வரையறுத்தார். 1924இல் கெய்ரோவில் அச்சான பதிப்பு ஹஃப்ஸ் வழியிலான ஓதலைப் பின்பற்றியது. அவ்வோதலே இன்று உலகில் பெருவழக்காக உள்ளது.

குர்ஆனுக்குள் முரண்போலத் தோன்றும் சட்டங்களை விளக்க ‘நஸ்கு’ என்னும் கோட்பாடு எழுந்தது. பின்னர் அருளப்பட்ட வசனம் முன்னதன் விதியை மாற்றும் என்பது அதன் சாரம். முந்தைய வேதங்கள் திரிக்கப்பட்டன என்னும் கருத்துக்குத் ‘தஹ்ரீஃப்’ என்று பெயர். திரிபு பொருளில் மட்டுமா, சொல்லிலுமா என்பதில் இஸ்லாமிய அறிஞரிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. சொல்லிலும் திரிபு உண்டென விரிவாக வாதிட்டவர் 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் ஆவார்.

ஆக்ராவில் நிகழ்ந்தது

ஜெர்மானிய மிஷனரி ஃபாண்டர், குர்ஆனே முந்தைய வேதங்களுக்குச் சான்று பகர்வதால் முஸ்லிம்கள் விவிலியத்தை ஏற்க வேண்டும் எனத் தம் ‘மீஸானுல் ஹக்’ நூலில் வாதிட்டிருந்தார். அவருக்கு மறுப்புரைக்க 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாள்களில் அறைகூவி நின்றவர் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி. மௌலானாவுக்குத் துணைநின்ற மருத்துவர் வஸீர் கான் ஐரோப்பிய விவிலிய ஆய்வு நூல்களைக் கற்றிருந்தார். ஆகவே ஃபாண்டர் எதிர்பாராத வகையில், கிறித்தவ அறிஞரின் எழுத்துகளே அவருக்கு எதிரான சான்றுகளாக முன்வைக்கப்பட்டன. சில இடங்களில் பாட வேறுபாடு உண்டென ஒப்புக்கொண்ட ஃபாண்டர், அவை அடிப்படைக் கொள்கையைத் தொடவில்லை என்றார். மூலத்தில் மாற்றம் நேர்ந்ததற்குச் சான்றாக அந்த ஒப்புதலே போதும் என்றது எதிர்த்தரப்பு. நஸ்கு, தஹ்ரீஃப் ஆகிய இரு பொருள்களோடு விவாதம் நின்றுபோனதால், நிரலில் இருந்த குர்ஆன் பற்றிய ஆய்வு தொடங்கவே இல்லை.

1857 எழுச்சிக்குப் பின் மக்காவில் குடியேறிய கைரானவி, 1864இல் ‘இழ்ஹாருல் ஹக்’ என்னும் அரபு நூலை வெளியிட்டார். யூதாவின் அகசியா அரசனானபோது அவனுக்கு வயது 22 என விவிலியத்தின் அரசர்கள் நூலும், 42 எனக் குறிப்பேடு நூலும் கூறுவது போன்ற முரண்களை அந்நூல் தொகுத்தளிக்கிறது. அதே காலகட்டத்தில் சர் சையத் அகமது கான், 1862 முதல் வெளிவந்த தம் விவிலிய விரிவுரையில், திரிபு பெரும்பாலும் பொருள்கொள்வதிலேயே நேர்ந்தது என்னும் இணக்கமான நிலையை மேற்கொண்டார். கைரானவியிடம் கல்வி பயின்றவர்களுள் ஒருவர் வேலூர் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப். வேலூரில் அவர் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரசாவில் பயின்றோரே ‘பாகவி’ எனப்படுகின்றனர். குர்ஆனைத் தமிழில் பெயர்த்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியும் அம்மரபில் வந்தவரே.

தமிழ்ச் சான்று

ஆக்ராவில் எழுந்த சிக்கல் தமிழ் விவிலியத்திலும் தெளிவாகப் பதிந்துள்ளது. விண்ணகச் சாட்சியர் மூவரைக் கூறும் 1 யோவான் 5:7, பழைமையான கிரேக்கப் படிகளில் காணப்படாத தொடராகும். எராஸ்முஸ் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் அது இல்லை, 1522இல் வெளிவந்த பதிப்பில் சேர்க்கப்பட்டது. 1871இல் முழுமையாக வெளியான பவர் மொழிபெயர்ப்பில் இடம்பெற்ற அத்தொடரை, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ விட்டுவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது முதல் தொடரும் திருத்தங்களை இச்சபைகள் மறைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தமிழ்க் கிறித்தவருக்குத் தமிழ் விவிலியமே மறை. ஆகவே ஒவ்வொரு திருத்தமும் மறைக்குள்ளேயே நிகழ்கிறது. தமிழ் முஸ்லிம்களுக்கோ தமிழாக்கம் பொருள் விளக்கம் மட்டுமே. தொழுகையில் ஓதப்படுவது அரபு மூலம். எனவே மொழிபெயர்ப்புகள் எத்துணை வேறுபட்டாலும் அவர்தம் மறை மாறுவதில்லை.

இவ்வேறுபாட்டைக் கருதாமல், பாட வேறுபாடுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு விவிலியத்தைத் தாழ்த்துவதும், வரிவடிவ ஒருமை மனித முயற்சியால் நிலைபெற்றது என்பதை மட்டும் கொண்டு குர்ஆனைக் குறைகூறுவதும் ஆய்வு நெறியாகா. 1972இல் யேமனின் சனா நகரில் கிடைத்த பழைய குர்ஆன் ஏடுகளையும் 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த எபிரேயச் சுருள்களையும் ஒரே கடுமையோடும் ஒரே மதிப்போடும் ஆராய்வதே நேரிய ஒப்பீடாகும். ஆக்ரா விவாதம் தவறவிட்ட அந்தச் சமநிலையைக் கடைப்பிடிப்பது, இரு மறைகளையும் பல தலைமுறைகளாகப் போற்றிவரும் தமிழ்ச் சமூகத்தின் ஆய்வாளர்க்கு உரிய கடமையாகும்.